மதுரை மாடியறையில் பயந்தவர் யார்?

1896ஆம் ஆண்டின் நடுவில், மதுரை சொக்கப்ப நாயக்கன் தெருவில், சித்தப்பா வீட்டு மாடியறையில் தனியே உட்கார்ந்திருந்த 16 வயது வேங்கடராமனைத் திடீரென்று மரண பயம் பிடித்துக்கொண்டது. உடம்பில் நோய் ஒன்றும் இல்லை. யாரும் மிரட்டவில்லை. ஆனாலும் ‘செத்துப்போகப் போகிறேன்’ என்ற நினைப்பு அடிவயிற்றில் இறங்கிவிட்டது. டாக்டரையோ பெரியவர்களையோ கூப்பிடத் தோன்றவில்லை. கைகால்களை நீட்டி, விறைத்த பிணம்போலத் தரையில் படுத்து, மூச்சை அடக்கி, உதடுகளை இறுக மூடிக்கொண்டு, சாவு என்றால் என்ன என்று அப்போதே பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. இந்த உடம்பைத் தூக்கிப் போவார்கள், எரிப்பார்கள், சாம்பலாகும்; அதோடு நானும் போய்விடுவேனா? இந்தக் கேள்வி எழுந்த பிறகு பயம் போனது. பிறகு அது திரும்பவே இல்லை.

வேங்கடராமன்தான் பின்னாளில் ரமண மகரிஷி. 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்தவர். திருச்சுழி இன்று விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. அருப்புக்கோட்டையைத் தாண்டி, குண்டாற்றங்கரையில், சுந்தரர் பாடிய திருமேனிநாதர் கோயிலை ஒட்டிய ஊர். நம் மண்ணில் பிறந்த ஒருவரின் பயம் 90 ஆண்டுகளுக்கு மேலாகப் பல மொழிகளில் அச்சாகிவருகிறது. அச்சாகும்போதெல்லாம் அது ‘நான்’ என்ற குரலில்தான் வருகிறது.

அந்த ‘நான்’ யாருடையது என்பதைத் தேடியதுதான் இந்தக் கட்டுரை.

தேடலுக்குக் காரணம் பக்தி அல்ல, பேய்க்கதை. தன்மையில் சொல்லப்பட்ட அச்சக் கதைகளைப் பற்றி எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். எட்கர் ஆலன் போ 1843இல் எழுதிய ‘டெல் டேல் ஹார்ட்’ கதையில், கிழவரைக் கொன்று தரைப்பலகைக்கு அடியில் புதைத்தவன் தனக்குப் பைத்தியம் இல்லை என்று நம்மிடம் சாதிக்கிறான். சாதிக்கச் சாதிக்க அவன் பைத்தியம் நமக்கு உறுதிப்படுகிறது. புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ 1943இல் வந்தது. அதில் பேசுகிறவன் கதை எழுதிப் பிழைக்கிறவன். பொய்தான் தன் தொழில் என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறவன். தூக்கம் வராத இரவில் அவன் மூக்கில் பிணம் எரியும் நாற்றம் ஏறுகிறது. உண்மையிலேயே அடித்ததா, அவன் மூளைக்குள் அடித்ததா? கடைசிவரை புதுமைப்பித்தன் நமக்குத் தீர்ப்புச் சொல்வதில்லை. இந்த இரண்டு கதைகளுக்கும் பக்கத்தில் வைத்துப் படிப்பதற்கு, நிஜமாகவே நடந்த ஒரு பயத்தின் சாட்சியம் வேண்டியிருந்தது. திருச்சுழிக்காரரின் சாட்சியத்தைவிடப் பொருத்தமானது எது?

அப்படி வைத்துப் படித்தபோதுதான் உறுத்தியது. அது மிகவும் ஒழுங்காக இருந்தது. பயம் வருகிறது, கேள்வி வருகிறது, சோதனை நடக்கிறது, விடை கிடைக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக, வாதியின் வழக்கறிஞர் அடுக்குவதைப்போல. பதறிய மனிதன் இப்படிப் பேசுவானா? அதோடு ஒரு சின்ன விவரம். உதடுகளை இறுக மூடியதற்குக் காரணம், ‘நான்’ என்ற சொல்லோ வேறெந்தச் சொல்லோ வெளியே வந்துவிடக் கூடாது என்பதுதான் என்று அந்தச் சாட்சியமே சொல்கிறது. ‘நான்’ என்று சொல்லாதிருக்க வாயை மூடியதை, வரிக்கு வரி ‘நான்’ போட்டு ஒரு குரல் விவரிக்கிறது.

இந்தச் சாட்சியம் அச்சில் நிலைபெற்றது 1931இல் வந்த ‘செல்ஃப் ரியலைசேஷன்’ என்ற ஆங்கில நூலில். எழுதியவர் பி.வி. நரசிம்ம சுவாமி. நடந்த ஆண்டு 1896, அச்சான ஆண்டு 1931. நடுவில் 35 ஆண்டுகள். பையன் பேசியது தமிழ், புத்தகம் ஆங்கிலம். வழக்காக இருந்தால் இந்த இரண்டு இடைவெளிகளைப் பற்றித்தான் எதிர்த்தரப்பு முதலில் கேட்கும். ஆனால் நாம் கேட்பதற்கு முன்பே நரசிம்ம சுவாமி பதில் எழுதி வைத்துவிட்டார், அதே பக்கத்தில், அடிக்குறிப்பாக. சொன்ன சொற்கள் அப்படியே குறித்துவைக்கப்படவில்லை என்கிறார். சுவாமி பெரும்பாலும் தன்னைச் சுட்டாமலே பேசுவார். ‘நான்’, ‘நீ’ என்று வெளிப்படையாக வருவது அரிது. தமிழ் அப்படிப் பேச இடம்தரும் மொழி. அவர் சொன்னதை உள்ளபடி எழுதினால் பல வாசகருக்கு, முக்கியமாக மேல்நாட்டாருக்கு, வெளிறித் தெரியும். ஆகவே வழக்கமான முறையில் தன்மையில் எழுதியிருக்கிறேன். குறிப்பின் சாரம் இதுதான்.

இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, மரியாதை வந்தது. தான் செய்த காரியத்தை மறைக்காமல் அதே பக்கத்தில் எழுதிவைத்த வரலாற்றாசிரியர்கள் எத்தனை பேர்? குறை பின்னால் வந்தவர்களுடையது. அந்தப் பத்தியை எடுத்தாண்ட எத்தனையோ நூல்களும் சொற்பொழிவுகளும் ‘ரமணர் தம் வாயால் சொன்னது’ என்று அதைக் கொடுத்தன, குறிப்பைக் கொடுக்கவில்லை.

நரசிம்ம சுவாமி துறவு பூணுமுன் சேலத்தில் வழக்கறிஞர். சென்னை மாகாணச் சட்டசபையிலும் இருந்தவர். இதை அறிந்ததும் அந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்துபோயிற்று. அது பிரமாணப் பத்திரத்தின் ஒழுங்கு.

எங்கள் சிவகாசி வட்டாரத்தில் இந்த வகை ‘நான்’ நன்றாகவே பழக்கமானது. பட்டாசு ஆலையில் வெடிவிபத்து நடந்த மறுநாள், ஆஸ்பத்திரி வராந்தாவில் காவல் நிலைய ரைட்டர் ஏட்டு கார்பன் வைத்த தாளோடு உட்காருவார். எதிரே மணிமருந்து அறைக்கு அடுத்த அறையில் கருந்திரி வெட்டிக்கொண்டிருந்து உயிர்பிழைத்த அம்மா. பணி ஓய்வுபெற்ற ரைட்டர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “அண்ணாச்சி, அந்தம்மா என்ன சொல்லும்? வெளிச்சம் தெரிஞ்சிச்சு, காது அடைச்சுப்போச்சு, அப்புறம் ஒண்ணும் தெரியலன்னு சொல்லும். சத்தமே கேக்கலன்னும் சொல்லும். அத அப்படியே எழுதுனா கேஸ் நிக்குமா? நான் மேற்கண்ட விலாசத்தில் குடியிருந்து வருகிறேன்னு ஆரம்பிச்சு, மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு வெடித்ததுன்னு முடிப்போம். படிச்சுக் காட்டுவோம். சரிங்கய்யான்னு அந்தம்மா தலையாட்டும்.”

அவர் பொய் எழுதவில்லை. ஆனால் ‘உராய்வு’ அந்த அம்மாவின் சொல் இல்லை. அவர் கண்டது வெளிச்சம். விபத்துச் செய்திகளில் தவறாமல் வரும் ‘உராய்வு காரணமாக’ என்ற தொடருக்குப் பின்னால், சத்தம் கேட்காத பயங்கள் எத்தனை கிடக்கின்றனவோ! 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகில் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். தீயைக் கண்டு ஓடிவந்தவர்களும் அவர்களில் உண்டு. பிழைத்தவர்களின் பயம் கோப்பில் ஏறும்போது சட்டத்தின் மொழிக்கு மாறிவிடுகிறது. போலீசிடம் கொடுக்கும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடக் கூடாது என்பதும் நம் குற்றவியல் நடைமுறையின் விதி. எழுதியவரின் நடை அதில் இருக்கும், சொன்னவரின் கையெழுத்து இருக்காது.

திருச்சுழிக்காரரின் வாக்குமூலமும் இந்த வகைதான் என்றால், அவர் தம் கையால் எழுதியவை எவை, அவற்றில் அந்த மாடியறை வருகிறதா என்பதுதான் அடுத்த கேள்வி.

ரமணர் இயற்றிய அருணாசலத் துதிகளில் தன்வரலாறு அங்கங்கே தலைகாட்டும். நவமணிமாலையில் ஒரு பாட்டு திருச்சுழியைச் சொல்கிறது, தந்தை சுந்தரத்தையும் தாய் அழகம்மையையும் நினைக்க வைக்கிறது, அருணாசலம் தன்னை ஆட்கொண்டதைச் சொல்கிறது. அஷ்டகத்தின் முதல் பாட்டு, சிறு வயதிலிருந்தே அருணாசலம் மனத்தில் விளங்கியதையும், அது திருவண்ணாமலை என்று பிறர் சொல்லக் கேட்டதையும், மலை ஈர்த்து இழுத்ததையும் சொல்கிறது. பிறந்த ஊர் இருக்கிறது, பெற்றோர் இருக்கிறார்கள், மலை இருக்கிறது. மதுரை மாடியறை இல்லை. வாழ்க்கையையே திருப்பிப்போட்ட அந்த அனுபவத்தைத் தன்னைப் பற்றிப் பாடிய இடத்தில் அவர் வைக்கவில்லை.

வேறோர் இடத்தில் மரண பயம் வருகிறது. 1928இல் அடியவர் முருகனாரின் வேண்டுதலால் உருவான ‘உள்ளது நாற்பது’ நூலின் இரண்டாம் மங்கலப் பாட்டு. சாவுக்கு மிகவும் அஞ்சியவர்கள் சாவில்லாத ஒன்றைச் சரணடைகிறார்கள். சரணடைந்ததும் அவர்களுடைய ‘நான்’ செத்துவிடுகிறது. அதன்பின் அவர்களுக்குச் சாவு நினைப்பு ஏது? பாட்டின் கருத்து இது. பயம், அதற்கு முகங்கொடுப்பது, பயம் ஒழிவது என்று மாடியறையில் நடந்ததன் அதே வரிசை. ஆனால் பயந்தவர் ‘நான்’ இல்லை, ‘அவர்கள்’. நரசிம்ம சுவாமியின் நூல் வருவதற்கு 3 ஆண்டுகளுக்கு முன், பயந்தவரே தம் சொந்தத் தமிழில் அந்தப் பயத்தை எழுதிய விதம் இது என்றே நான் கொள்கிறேன். இதைத் தன்வரலாறாகவும் படிக்க வேண்டும்.

இதையும்விடப் பழைய ஆவணம் ஒன்று உண்டு. அது 1896 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை எழுதப்பட்ட ஒரு துண்டுச் சீட்டு. பயம் வந்து ஏறத்தாழ 6 வாரங்களுக்குப் பிறகு எழுதப்பட்டது. இந்த 6 வாரக் கணக்கை நரசிம்ம சுவாமியின் நூல் தருகிறது; சீட்டின் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஜூலை நடுப்பகுதி வருகிறது. மரண அனுபவத்தின் நாளை நாம் அடைவது இப்படி எண்ணித்தான்.

அந்தச் சனிக்கிழமையை நிதானமாகப் பார்க்க வேண்டும். பாடம் படிக்காததற்குத் தண்டனையாக பெயின் எழுதிய ஆங்கில இலக்கணப் புத்தகத்தின் பாடத்தை மூன்று தடவை எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். இரண்டு தடவை எழுதியாயிற்று. மூன்றாவதற்குக் கை ஓடவில்லை. தாளைத் தள்ளிவிட்டு வேங்கடராமன் கண்மூடி உட்கார்ந்துவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் நாகசுவாமி, இப்படி இருக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கடிந்துகொண்டார். தம்பி எழுந்து, பள்ளியில் சிறப்பு வகுப்பு இருக்கிறது, போக வேண்டும் என்றார். அப்படியானால் பெட்டியிலிருந்து 5 ரூபாய் எடுத்துப்போய் என் காலேஜ் சம்பளத்தைக் கட்டிவிடு என்றார் அண்ணன். தம்பி பழைய நிலப்படம் ஒன்றைப் பார்த்து, திண்டிவனம்தான் திருவண்ணாமலைக்குப் பக்கம் என்று கணக்குப் போட்டு, 3 ரூபாய் எடுத்துக்கொண்டார். மீதி 2 ரூபாயைச் சீட்டோடு வைத்தார்.

சீட்டில் சில வாக்கியங்களே உண்டு. என் தகப்பனாரைத் தேடி, அவர் உத்தரவுப்படி, கிளம்பிவிட்டேன் என்பது முதல் செய்தி. அதன் எழுவாய் ‘நான்’. அடுத்த வாக்கியத்தில் அந்த ‘நான்’ காணாமல் போகிறது. நல்ல காரியத்தில் பிரவேசித்திருப்பது ‘இது’. யாரும் விசனப்பட வேண்டாம். ‘இதை’த் தேடப் பணமும் செலவழிக்க வேண்டாம். பிறகு, சம்பளம் கட்டவில்லை, 2 ரூபாய் இத்தோடு இருக்கிறது என்று அண்ணனுக்கு வீட்டுக்கணக்கு. கடைசியில் ‘இப்படிக்கு’ என்று எழுதி, பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு கோடு. வாக்குமூலத்தின் கீழே இல்லாத கையெழுத்து, சொந்தக் கையால் எழுதிய இந்தச் சீட்டிலும் இல்லை.

என் தேடலில் இதைவிட உறுதியான சாட்சியம் எனக்குக் கிடைக்கவில்லை. பயந்தவரின் கை, பயந்த சில வாரங்களுக்குள், ‘நான்’ என்று தொடங்கி அதில் நிற்க முடியாமல் ‘இது’வுக்கு நகர்ந்திருக்கிறது. இலக்கணத் தண்டனையைப் பாதியில் விட்ட அதே பகலில் இது நடந்தது. மாடியறையில் என்ன நிகழ்ந்தது என்பதற்கு நரசிம்ம சுவாமியின் தெளிவான ஆங்கிலப் பத்தியைவிட, இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் விழுந்த இந்த இடைவெளி நெருக்கமான ஆதாரம்.

எதிர்ச்சான்று ஒன்றும் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் என் வழக்கு நேர்மையானதாக இருக்காது. திருவண்ணாமலை சேர்ந்த மறு ஆண்டு, குருமூர்த்தத்தில் மௌனமாக இருந்தபோது, தாலுகா கச்சேரியில் வேலைபார்த்த வேங்கடராம ஐயர் என்பவர் பேரும் ஊரும் தெரியாமல் நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். கடைசியில் இளந்துறவி ஆங்கில எழுத்தில் எழுதினார்: வேங்கடராமன், திருச்சுழி. ஆங்கிலத்தில் எழுதிய ‘ழி’ ஐயருக்குப் பிடிபடவில்லை. அங்கே கிடந்த பெரியபுராணத்தைப் புரட்டி, சுந்தரர் பாடிய தலங்களில் திருச்சுழியைத் தொட்டுக் காட்டினார் இளந்துறவி. பேரையே துறந்தவர் அல்லவா, எப்படி எழுதினார் என்று கேட்கலாம். கேட்டவருக்காக எழுதினார், பிறர் வற்புறுத்தினால் பெயர் வந்தது, தானாக வரவில்லை. 1938இல் ஆசிரமத்துக்காக உயில் எழுதப்பட்டபோது கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் ஒரு கோடுதான் இழுத்தார். 42 ஆண்டு இடைவெளியில் இரண்டு கோடுகள்.

பைத்தியம் என்ற பேச்சும் அந்த வாழ்க்கையில் உண்டு. அண்ணாமலையார் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர் மேல் பையன்கள் கல்லெறிந்தார்கள். முன்பே அங்கிருந்த துறவி சேஷாத்ரி சுவாமிகளை ஊரில் பலர் பைத்தியம் என்றே நினைத்திருந்தார்கள். புதிதாக வந்தவருக்குச் ‘சின்ன சேஷாத்ரி’ என்று பேர் வைத்தார்கள். கல்லுக்கு ஒதுங்கி அவர் பாதாள லிங்கக் குகைக்குள் இறங்கினார். எறும்பும் பூச்சியும் தொடையை அரித்தும் எழவில்லை. போவின் கதைசொல்லி தனக்குப் பைத்தியம் இல்லை என்று மூச்சுவிடாமல் வாதாடுகிறான். இவர் வாதாடவே இல்லை. வாய் திறந்து மறுக்க வேண்டிய ‘நான்’ மதுரையிலேயே நின்றுபோயிருந்தது.

இனித் தீர்ப்பு. மாடியறையில் பயம் வந்தது உண்மை. அதை நான் சந்தேகிக்கவில்லை. வீட்டார் கண்ட மாற்றங்களே அதற்குச் சாட்சி. படிப்பில் ஒட்டாமை, கண்மூடி உட்கார்தல், மீனாட்சி கோயிலுக்குத் தனியாகப் போய் நிற்றல், தட்டில் எது விழுந்தாலும் சாப்பிடுதல் என்று அவர்கள் விளைவுகளைப் பார்த்தார்கள், பயத்தைப் பார்க்கவில்லை. உள்ளே நடந்ததற்கு ஒரே சாட்சி அவர்தான். அந்தச் சாட்சி தன்மையில் பேசவில்லை. உலகம் படிக்கும் ‘நான்’ சேலத்து வக்கீல் ஒருவர், வாசகருக்குப் புரியவேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு, தம் பொறுப்பில் போட்ட ‘நான்’. நம்பத்தகாத கதைசொல்லி என்று இலக்கியத்தில் சொல்வது பொய்யரை அல்லது பித்தரை. இங்கே பொய்யரும் இல்லை, பித்தரும் இல்லை. ஒருவர் ‘நான்’ என்று சொல்லாமல் சொன்னார். இன்னொருவர் அதை ‘நான்’ என்று எழுதி, அப்படி எழுதியதையும் ஒப்புக்கொண்டார். நடுவில் ஒப்புதலை மட்டும் நாம் தொலைத்துவிட்டோம்.

ரமணரைப் பற்றிய தமிழ்ப் புத்தகங்களும் நாட்காட்டிகளும் ஆண்டுதோறும் அச்சாகின்றன. நாட்காட்டி என்றாலே நம் சிவகாசி. அந்த மரண அனுபவப் பத்தியைப் போடும் பதிப்பாளர்களுக்கும் அச்சகத்தாருக்கும் என் வேண்டுகோள் இதுதான்: நரசிம்ம சுவாமி எழுதிய அடிக்குறிப்பையும் அதன் கீழேயே அச்சிடுங்கள். இடமிருந்தால் 1896 ஆகஸ்ட் 29ஆம் தேதிச் சீட்டையும், பெயரில்லாத அந்தக் கோட்டோடு, பக்கத்தில் போடுங்கள்.